ஷூவை எப்படிக் கெடுக்கலாம்: காட்பாடியில் ஒரு நாள் பயிற்சி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமை நடந்த ரிவர்ஸ் பிரெயின்ஸ்டார்மிங் பயிற்சிக்கு டீமோடு போயிருந்தோம். ஒரு பொருளை எப்படி நன்றாகச் செய்வது என்று கேட்காமல், எப்படிக் கெடுக்கலாம் என்று யோசித்து, வந்த பதில்களைத் திருப்பிப் போட்டு வழி கண்டுபிடிக்கும் முறை அது. சாப்பாட்டோடு ஆளுக்கு 1,200 ரூபாய். கொடுத்த காசுக்குத் தகும், காலை நேரத்தைத் தவிர.

காலை முழுக்க ஸ்லைடு. கூட்டாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் பிரெயின்ஸ்டார்மிங்கைப் பரப்பிய விளம்பரத்துறைக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்னில் தொடங்கி ஊரெல்லாம் சுற்றினார்கள். அதில் உருப்படியானது, உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிய 'ப்ரீமார்ட்டம்' பற்றிய பகுதிதான். திட்டம் ஏற்கெனவே ஊற்றிக்கொண்டது என்று வைத்துக்கொண்டு, அதற்கான காரணங்களை ஆளாளுக்கு எழுதும் முறை அது.

மதியத்துக்கு மேல் களை கட்டியது. எங்கள் வேலை ஜூன் மாதத்துக்கான பள்ளி ஷூ. பயிற்சியாளர் கேட்டார்: "ஒரு ஜோடி விடாம கடைக்குத் திரும்பி வரணும். அதுக்கு என்ன பண்ணலாம்?"

'எப்படி நன்றாகச் செய்வது' என்று கேட்டால் வாயே திறக்காத, சோல் ஒட்டும் பேஸ்டிங் லைன் அண்ணன்தான் முதலில் பேசினார். "ஒண்ணும் வேணாம் சார். அப்பரைச் (ஷூவின் மேல்பாகம்) சொரசொரப்பாக்காம சொல்யூஷன் (பசை) தடவுங்க, அது காயறதுக்குள்ள பிரஸ்ல வெச்சிடுங்க. மழை வந்தா சோல் தனியா நடந்து போவும்." வேலூர் லாங் பஜாரில் கடை வைத்திருப்பவர், "போன வருஷ பி.யூ. (பாலியூரிதேன் பிளாஸ்டிக்) சோல் சரக்கை ஈரமான குடோன்ல போட்டுட்டு இந்த வருஷம் வித்துடுங்க" என்றார். விஷயம் தெரிந்தவர். ஈரப்பதம் பி.யூ.வை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். காலில் போடாத ஷூகூட பொடிப்பொடியாக உதிரும். வெல்க்ரோவின் முள் பக்கத்தை மண்ணும் சாக்ஸ் நூலும் ஏறும்படி வையுங்கள் என்றது எங்கள் டீமில் இருக்கும் ஒரு அம்மா. பிள்ளையின் ஷூவைத் தினமும் துடைப்பவருக்குத்தான் அது தோன்றும்.

குறை என்னவென்றால், இதையெல்லாம் திருப்பிப் போடுவதற்கு டீக்கு அப்புறம் கொஞ்ச நேரம்தான் கொடுத்தார்கள். 'காயும் முன் ஒட்டு' என்பதை 'காய்ந்தபின் ஒட்டு' என்று மாற்றி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார் பயிற்சியாளர். அது யாருக்குத் தெரியாது? டார்கெட் கழுத்தை நெரிக்கும்போது அந்த அண்ணன் ஏன் காயவிட மாட்டார் என்பதல்லவா கேள்வி! அதை நாங்கள் ஃபேக்டரிக்குத் திரும்பி வந்துதான் பேசினோம். முன்பக்கம் பசையை மட்டும் நம்பாமல் ஒரு தையலும் போடுவது, சோலில் தயாரித்த மாதத்தை அச்சிடுவது என்று முடிவானது. தையலால் விலை கொஞ்சம் ஏறும். முதலாளி முகம் சுளித்தார், சரி என்றும் சொன்னார்.

போகிறவர்கள் டிசைனர்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். லைனில் நிற்பவர் ஒருவர், கடையில் திட்டு வாங்குபவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். மதியம் பிரியாணி சுமார்தான், ஆனால் அதை ஆம்பூர்க்காரனிடம் கேட்கக் கூடாது.