ஐப்பசியா, கார்த்திகையா?

கூதிர்காலத்தைக் கிராமத்து வீட்டிலிருந்தே கவனிக்க விரும்புவோர், விடுப்பு குறைவாக இருந்தால், ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

உயிரினங்களைப் பார்க்க ஐப்பசியே ஏற்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஈரமண்ணில் சிவந்த தம்பலப்பூச்சிகள் ஊர்கின்றன. விளக்கொளியை நாடி ஈசல்கள் மொய்க்கின்றன. வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி கொல்லைச் சருகுகளைக் கிளறிப் புழு தேடுகிறது. அந்தி மங்கும்போது அது எழுப்பும் இரட்டைச் சீழ்க்கையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். ஆனால் அடைமழை பிடித்துக்கொண்டால் திண்ணையை விட்டு இறங்க முடியாது.

கார்த்திகையில் மழை இடைவெளி விடும் நாள்களில், வேலியில் படர்ந்த செங்காந்தளை நிதானமாகப் பார்க்கலாம். அதன் இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கிளையைப் பிடித்திருக்கும்; நெளிநெளியான இதழ்கள் மஞ்சளில் தொடங்கி, நாள்பட முழுச் சிவப்பாகும். கிழங்கில் கொல்சிசின் என்னும் கொடிய நஞ்சு இருப்பதால் குழந்தைகளைத் தொடவிடலாகாது. திருக்கார்த்திகையை ஒட்டிக் கோயில் முன் சொக்கப்பனை எரியும். ஆண்பனையின் பூக்காம்பைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் முடிந்து, பனைமட்டைகளுக்கிடையே கட்டிச் சுழற்றும் மாவலியையோ இன்று சில ஊர்களில்தான் காண முடிகிறது. அருகிவரும் அவ்வழக்கத்துக்காகவே நான் கார்த்திகையைப் பரிந்துரைப்பேன்; ஆறுமணிக்குருவியும் அப்போது இங்கேயேதான் தங்கியிருக்கும்.