பாத்ரூம் சுவர் வாட்டர் ப்ரூஃபிங்: 68,000 ரூபா போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

இன்னைக்குக் காலையில பாத்ரூம்ல நாலு டைல்ஸைப் பேத்து எடுத்தோம். இன்னும் கை நடுங்குது. டைல்ஸுக்குப் பின்னாடி மூலைக்கு ஒரு உருண்டை சிமென்ட், நடுவுல ஒண்ணு, மீதியெல்லாம் பொந்து. தட்டினதும் உள்ளேயிருந்து தண்ணி வழியுது. சுவர்ல தண்ணி இறங்காம தடுக்கிற வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் ஒரு பொட்டு கூட இல்ல. இதுக்குத்தான் 68,000 ரூபா கொடுத்தேன்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப் மூலமா வந்த மேஸ்திரி. முதல் நாளே கோட்டிங்குக்கான கேனையும் பவுடர் மூட்டையையும் திண்ணையில இறக்கி வெச்சு, "ரெண்டு கோட் அடிக்காம டைல்ஸைத் தொட மாட்டேன் சார். இல்லேன்னா பின்னாடி இருக்கிற அம்மா ரூம் சுவர்தான் முதல்ல ஊறும்"னு அவரே சொன்னாரு. அம்மாகிட்ட மோர் வாங்கிக் குடிச்சுட்டு, "எங்க அம்மாவுக்குச் செய்யற மாதிரி செஞ்சு தரேம்மா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தையில விழுந்துட்டேன். ஆப்ல கட்டினா கமிஷன் போயிடும்னாரு, நேரா 40,000 ஜிபே பண்ணேன். டைல்ஸ் ஒட்டி முடிச்ச அன்னைக்கு மீதி 28,000.

கோட்டிங் அடிக்கிற அன்னைக்கு நான் ஆபீஸ்ல. சாயங்காலம் வந்தா மூணு வரிசை டைல்ஸ் ஏறியாச்சு! முதல் கோட் காஞ்சு, ரெண்டாவது அடிச்சு, அதுவும் காயணும். ஒரே நாள்ல எப்படி முடியும்னு அப்பவே சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கணும். திண்ணையில கேனும் இல்ல.

ரெண்டே மாசம். அம்மா ரூம் சுவர்ல முட்டி உயரத்துக்கு பெயிண்ட் கொப்புளிச்சுது. தொட்டா விரல்ல வெள்ளையா உப்பு ஒட்டுது. பீரோவோட கீழ்த்தட்டுல அம்மாவோட கல்யாணப் புடவை, மடிப்பெல்லாம் பூஞ்சை.

போன் பண்ணா, "அது ஈரக்காத்து சார்." அடுத்த தடவை, "கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கிற பூச்சு) இழுத்தா சரியாயிடும்." அப்புறம், "மழை விடட்டும்." இப்போ எடுக்கறதே இல்ல. ஆப்காரங்க, "நேரடியா பணம் கொடுத்த வேலைக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு ஒரே வரியில சாட் விண்டோவை மூடிட்டாங்க. 68,000 ரூபா, யாருமே பொறுப்பில்ல.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடல. அவசரத்துக்கு இதை மட்டும் படிச்சுக்கோங்க. டைல்ஸும் கிரவுட்டும் தண்ணியைத் தடுக்காது, இடுக்கு வழியா இறங்கத்தான் செய்யும். ஷவர் சுவருக்கு கோட்டிங் தலைக்கு மேல வரைக்கும் ஏறணும். சுவரும் தரையும் சேர்ற மூலை, பைப் வெளிய வர்ற ஓட்டை, இதையெல்லாம் கிட்ட நின்னு பாருங்க. ஒரு நாள் தண்ணி கட்டிப் பாக்கறது தரைக்குத்தான். சுவரை உங்க கண்ணுதான் பாக்கணும். கோட்டிங் அன்னைக்கு லீவு போடுங்க. ஒட்டின டைல்ஸை நாணயத்தால தட்டுங்க, உள்ளே பொந்து இருக்கிற மாதிரி சத்தம் கேட்டா பணம் கொடுக்காதீங்க.

அம்மா ஹால்ல பாய் போட்டுப் படுத்திருக்காங்க. நாளைக்கு மொத்தச் சுவரையும் கொத்தணும். அதுக்குக் கூலி தனி.