கோனிஃபா கோப்பையா, தீவு விளையாட்டுகளா?

ஃபிஃபாவில் இடமில்லாத அணிகளின் கால்பந்தைப் பார்க்க இரண்டு வாசல்கள் உண்டு: அத்தகைய அணிகளின் கூட்டமைப்பான கோனிஃபா நடத்தும் கால்பந்துக் கோப்பை ஒன்று, சிறு தீவுகள் கூடும் பல்துறைப் போட்டியான தீவு விளையாட்டுகள் மற்றொன்று. எதில் நுழைவது?

யாருக்கு இடம்?
தீவு விளையாட்டுகள்: ஜெர்சி, கிரீன்லாந்து, மேன் தீவு போன்றவை. ஜிப்ரால்டர் தீவே இல்லையே என்று கேட்காதீர்கள், அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.
கோனிஃபா: அங்கீகாரமற்ற பகுதிகள், நாடற்ற இனங்கள், புலம்பெயர்ந்தோர். அப்காசியா, வடக்கு சைப்ரஸ், பஞ்சாப் அணிகளோடு 2014, 2018இல் தமிழீழ அணியும் ஆடியது.

சொன்னபடி நடக்குமா?
தீவு விளையாட்டுகள்: 1985 முதல் பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை. கால்பந்து 1989இல் சேர்ந்தது.
கோனிஃபா: 2020 ஸ்கோப்யே போட்டி கொரோனாவால் ரத்து. 2018இல் ஓர் எதிரணி வீரரின் தகுதி பற்றிய தகராறில் எல்லன் வன்னின் (மேன் தீவு) அணி தொடரின் பாதியிலேயே வெளியேறியது.

விறுவிறுப்பு?
இங்கே கோனிஃபாவுக்குத்தான் என் ஓட்டு. 2014, 2016, 2018 இறுதிப் போட்டிகள் மூன்றுமே பெனால்டியில்தான் முடிந்தன. 2018இல் லண்டன் என்ஃபீல்டில் கார்பாதல்யா (மேற்கு உக்ரைனின் ஹங்கேரியச் சிறுபான்மையினர் அணி) பெனால்டியில் 3-2 என வடக்கு சைப்ரஸை வென்றது. அந்தத் தொடரில் பச்சை அட்டையும் வந்தது: பொய்யாக விழுந்தாலோ நடுவரிடம் வாயாடினாலோ அந்த வீரர் வெளியேற வேண்டும், மாற்று வீரர் இறங்கலாம். ஃபிஃபா இதைக் கடன் வாங்கினால் தப்பில்லை.

முன்கூட்டியே டிக்கெட் எடுத்து, தடகளம், நீச்சலையும் சேர்த்துப் பார்க்கும் குடும்பத்துக்குத் தீவு விளையாட்டுகள் போதும். வரைபடத்தில் இல்லாத கொடியின் கீழ் பாடப்படும் கீதத்தைக் கேட்க வேண்டுமானால் கோனிஃபா. ரத்தாகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.