டிவிடி தயாரிப்பு: ஒரே மூச்சிலா, இரண்டு கட்டமாகவா?

கல்யாண வீடியோவை டிவிடியாக்க மடிக்கணினியில் போட்டால் ராத்திரி முழுக்க ஓடுகிறது என்று புலம்பாதவர் குறைவு. இதற்கு இரண்டு வழி உண்டு. டிவிடி ஸ்டைலர் மாதிரி ஒரு மென்பொருளில் ஃபைல்களைப் போட்டு, மெனு அமைத்து, ஒரே பொத்தானில் கன்வர்ஷனிலிருந்து வட்டில் ரைட் செய்வது வரை முடிப்பது முதல் வழி. கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற மென்பொருள் கொண்டு வீடியோவை டிவிடிக்கு ஏற்ற எம்பெக்-2 ஃபைலாக மாற்றி வைத்துக்கொண்டு, மெனுவையும் வட்டையும் பிறகு கவனிப்பது அடுத்தது. உறவுக்காரர்களுக்கு வட்டு போட்டுத் தரும் வேலையில் நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

எளிமையில் முதல் வழிக்கே வெற்றி. இரண்டுக்கும் காசு வேண்டாம். படத் தரத்திலும் சொல்லும்படி வித்தியாசமில்லை, டிவிடி ஸ்டைலர் உள்ளுக்குள் ஓட்டுவதும் எஃப்எஃப்எம்பெக்கைத்தான்.

என்னைப் பொறுத்தவரை விஷயத்தைத் தீர்மானிப்பது திருத்தம். "மெனுவில் தாத்தா பெயரையும் போட்டுடுங்க" என்று மறுநாள் போன் வராமல் இருக்காது. ஒரே மூச்சு மென்பொருளை மூடித் திறந்திருந்தால், முந்தைய நாள் மாற்றிய வீடியோ பெரும்பாலும் கையில் இருக்காது. ஒரு பெயருக்காக மொத்த வீடியோவும் மறுபடி அரைபடும். எம்பெக்-2 ஃபைல் தனியாக இருந்தால், அதே டிவிடி ஸ்டைலரில் வீடியோ, ஆடியோ இரண்டையும் 'காப்பி' என்று வைத்துவிடலாம். மாற்றம் எதுவும் நடக்காது; மெனுவைத் திருத்தி ஐஎஸ்ஓ (வட்டில் எழுதத் தயாரான ஒற்றை ஃபைல்) எடுப்பது சில நிமிட வேலை. ஃபைல் ஃபைலாக மாற்றுவதால், நடுவில் மடிக்கணினி சூடாகி நின்றுபோனாலும் அந்த ஒரு ஃபைல்தான் போகும்.

மெதுவாக ஓடுவதற்குக் காரணம் தேடவும் இதுவே வசதி. எஃப்எஃப்எம்பெக் ஓடும்போது வேகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். 0.5 என்றால் ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரம். அப்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று சிபியு சும்மா இருந்தால், தடை பழைய ஹார்ட் டிஸ்க்கிலோ யூஎஸ்பி 2.0 டிரைவிலோ இருக்கிறது. சிபியு முழுதாக உழைத்தும் அதன் கிளாக் வேகம் இறங்கிக்கொண்டே போனால் சூடுதான் காரணம். சார்ஜரைச் செருகி, காற்றுத் துளைகளின் தூசியைத் தட்டுவதே பாதி வைத்தியம்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 720×576 எம்பெக்-2 பழைய சிபியுவுக்கும் இலகுவான வேலை. முதுகை ஒடிப்பது, போனில் எடுத்த 4கே எச்இவிசி (அதிகம் சுருக்கிச் சேமிக்கும் வடிவம்) வீடியோவைப் பிரிப்பது, அதாவது டிகோடிங். என்விடியா கிராபிக்ஸ் சிப்பில் (ஜிபியு) இருக்கும் என்வென்க் என்ற என்கோடர் எம்பெக்-2 ஃபைலை உருவாக்காது என்பதால், மென்பொருளில் அந்த ஜிபியு டிக்கைப் போட்டு டிவிடி வேகமாகும் என்று காத்திருக்க வேண்டாம். டிகோடிங்கை வன்பொருளிடம் விட்டால் பலன் உண்டு: இன்டெலில் ஆறாம் தலைமுறையிலிருந்து 8-பிட் நிற ஆழமுள்ள எச்இவிசியையும், ஏழாம் தலைமுறையிலிருந்து 10-பிட்டையும் சிப்பே பிரிக்கும். ஏஎம்டி மடிக்கணினியில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை.

இரண்டாவது வழியில் ஒரு பொறி இருக்கிறது. எஃப்எஃப்எம்பெக்கில் ஏற்கெனவே தயாராக இருக்கும் டிவிடி அமைப்பு, வீடியோவுக்கு நொடிக்கு 6000 கிலோபிட் எடுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் வரை கவலையில்லை. வீடியோவை ஒரே முறை ஓட்டி மாற்றும் ஒரு பாஸ் போதும், முதலில் அலசிப் பிறகு மாற்றும் இரண்டு பாஸ் போட்டு நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டாம். இரண்டு மணி நேர வீடியோவோ 4.7 ஜிபி வட்டில் அடங்காது, 4500 அளவுக்கு இறக்க வேண்டும். அங்கே மட்டும் இரண்டு பாஸுக்கு அர்த்தம் உண்டு. டிவிடி ஸ்டைலர் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

டிவியில் யூஎஸ்பி துளை இருந்தால் எம்பி4-ஐ பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள், இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம். வட்டுதான் வேண்டும், ஆனால் இருபது நிமிடப் பிறந்தநாள் வீடியோ, மெனுவும் இல்லை என்றால் டிவிடி ஸ்டைலரிலேயே போட்டு முடித்துவிடலாம். அதற்குப் போய்க் கட்டளை எழுதிக்கொண்டு உட்கார மாட்டேன்.