குடியை நிறுத்த எந்தக் கூட்டத்துக்குப் போவது?

குடியை நிறுத்த உதவும் கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரிப்பவர் பல நேரங்களில் குடிப்பவர் அல்ல. அவருடைய மனைவியோ அம்மாவோதான். தமிழ்நாட்டில் அவர்கள் முன் இருக்கும் வழிகள் நான்கு: ஏ.ஏ. என்று அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சிகிச்சை மையம் நடத்தும் தொடர் கூட்டம், கடவுள் பேச்சு இல்லாத ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற குழு, இணையவழிக் கூட்டம். எது சரியான கொள்கை என்று வாதாடுவதைவிட, எது பக்கத்தில், எந்த நேரத்தில் நடக்கிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும் மனக்குழப்பமும் முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவருக்கு முதலில் மருத்துவர், பிறகுதான் கூட்டம். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கச் சொல்லும் விளம்பரங்களின் பக்கமே போக வேண்டாம்.

ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கியது. கட்டணம் இல்லை, பரிந்துரைக் கடிதம் வேண்டாம், முழுப்பெயர்கூடச் சொல்ல வேண்டாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. செலவுக்கு உறுப்பினர்களே விரும்பியதைப் போடுகிறார்கள். வெளியார் பணம் வாங்குவதில்லை. ஒருவர் ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். இதைவிடப் பெரிய பலன், குடியை நிறுத்திச் சில வருடங்கள் ஆன ஒருவர் ஸ்பான்சராக, அதாவது துணை நிற்கும் வழிகாட்டியாகக் கிடைப்பது. ராத்திரி ஒன்பது மணிக்குக் குடிக்க மனம் துடிக்கும்போது மருத்துவரை அழைக்க முடியாது; ஸ்பான்சரை அழைக்கலாம்.

குறையும் உண்டு. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். ‘அவரவர் புரிந்துகொண்ட வகையில்’ என்ற சலுகை இருந்தாலும், பகுத்தறிவுப் பேச்சில் வளர்ந்தவருக்கு அது தொண்டையில் சிக்கும். தேவாலய வளாகத்து அறைகளில் சில கூட்டங்கள் நடப்பதால் மதமாற்ற வேலையோ என்ற சந்தேகமும் எழுகிறது. இடம்தான் அங்கே, கூட்டம் எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல.

ஸ்மார்ட் ரெக்கவரி 1994இல் இந்த இடைவெளியில்தான் வந்தது. கடவுள் இல்லை, குடிநோயாளி என்ற வாழ்நாள் அடையாளமும் இல்லை. குடிக்கத் தூண்டும் எண்ணத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, ஆசை எழும் அந்தச் சில நிமிடங்களை எப்படிக் கடப்பது என்று பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்துவார். படித்த, தர்க்கப் பிரியருக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் நம் ஊர்க்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இணையத்தில், ஆங்கிலத்தில்.

எது வேலை செய்கிறது? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் அலசியது. குடியை முழுமையாக விட்டு நிற்பதில், ஏ.ஏ.வுக்கு ஆட்களை முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன. குடிக்கும் அளவு குறைவது போன்ற மற்ற விஷயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சிகிச்சை மையத்தின் தொடர் கூட்டத்தில் உங்கள் கோப்பு மருத்துவர் கையில் இருக்கும். மாத்திரையையும் மனத்தையும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள். சென்னையில் 1980 முதல் இயங்கும் குடிநோய்ச் சிகிச்சை மையமான டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தியது. மற்றபடி இத்தகைய கூட்டத்துக்கு வெகுதூரம் போக வேண்டும். பகல் நேரம் என்றால் ஒரு நாள் கூலியும் போகும்.

இணையவழிக் கூட்டம் வெளிநாட்டுத் தமிழருக்கும், இரவு ஷிப்ட்காரருக்கும், கூட்டத்தில் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தயங்கும் பெண்களுக்கும் வரப்பிரசாதம். கேமராவை அணைத்துவிட்டு ஒருவர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம் என்பதால், எனக்கு அது மாற்று ஏற்பாடு மட்டும்தான்.

நேரத்துக்கு வருகிறேன். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை முடிந்து ஏழு மணிக்குக் கடைக்குப் போகும் பழக்கம் உள்ளவருக்கு, ஞாயிறு காலைக் கூட்டம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பாதிப் பலன்தான். அதே ஏழு மணிக்கு, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி நடக்கும் சுமாரான கூட்டத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். சிற்றூரில் தெரிந்தவர் கண்ணில் படும் பயம் இருந்தால் பக்கத்து ஊர்க் கூட்டம்.

குடிப்பவர் வர மறுத்தால்? மனைவி காத்திருக்க வேண்டியதில்லை. 1951இல் உருவான அல்-அனான் குடிப்பவரின் குடும்பத்துக்கென்றே இருக்கிறது. ஏ.ஏ.வின் திறந்த கூட்டத்துக்கும் மனைவி போகலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கம் உள்ளவருக்கு மட்டும்.

பழைய பட்டியல்களை நம்பிக் கிளம்பாதீர்கள். கூட்டங்கள் இடம் மாறும், நின்றும் போகும். ஏ.ஏ. குழுவையே போனில் அழைத்து, தமிழில் நடக்கிறதா, திறந்த கூட்டமா, இந்த வாரம் உண்டா என்று கேளுங்கள். சிகிச்சை மையம் தேடுபவர்களுக்கு மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446 இருக்கிறது. முதல் குழு பிடிக்கவில்லை என்றால் வேறொரு குழுவுக்குப் போய்ப் பாருங்கள், ஒரே ஏ.ஏ. என்றாலும் குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் வேறு.