நிக்கான் டி40-உம் ஏற்காட்டு வெளிச்சமும்

சேலத்தில் பழையதாக (செகண்ட் ஹேண்டாக) வாங்கிய நிக்கான் டி40 எட்டு ஆண்டுகளாக என்னிடம் உழைக்கிறது. 2006-இல் வந்த கேமரா, 6 மெகாபிக்சல்தான். ஆனாலும் ஏற்காட்டுக்குப் புறப்படும்போது பையில் முதலில் வைப்பது அதைத்தான்.

காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்றால் மேலே வானம் கண்ணைக் கூசும். கீழே செடிகளின் அடி இருண்டு கிடக்கும். வானத்தின் வெளிச்சத்துக்கு அளவெடுத்தால் செடி கரியாகிவிடும், செடிக்கு அளவெடுத்தால் வானம் வெளுத்துவிடும். முற்றிலும் வெளுத்த இடத்தை ரா கோப்பிலும் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப் படம்) மீட்க முடியாது. அதனால்தான் வெவ்வேறு வெளிச்ச அளவில் மூன்று படங்களை எடுத்து ஒன்றாக்கும் எச்டிஆர் முறைக்கு வந்தேன்.

டி40-இல் தானியங்கி பிராக்கெட்டிங், அதாவது வெளிச்ச அளவைத் தானே மாற்றி அடுத்தடுத்து எடுக்கும் வசதி, கிடையாது. 'எம்' எனும் கைமுறை நிலையில் லென்ஸின் துளையை எஃப்8-இல் நிறுத்தி, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றுகிறேன்: 1/500, 1/125, 1/30. சக்கரத்தை ஆறு சொடுக்கு திருப்பினால் இரண்டு ஸ்டாப், அதாவது வெளிச்சம் நான்கு மடங்கு மாறும். ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறன் அளவு) கட்டாயம் 200-இல் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் நீங்கள் குறைத்த வெளிச்சத்தை அது கூட்டிவிடும். ஃபோகஸும் கைமுறையில்தான். ஒவ்வொரு படத்துக்கும் விரல் கேமராவைத் தொடுவதால் கனமான முக்காலி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

பெரும் பகை காற்று. சில்வர் ஓக் இலை சிறு காற்றுக்கே புரண்டு வெள்ளி அடிப்பக்கத்தைக் காட்டும். மூன்று படங்களில் மூன்று இடங்களில் இருக்கும் இலை, சேர்த்த பிறகு ஆவி போலத் தெரியும். அரை மணி நேரம்கூடக் காத்து நின்றிருக்கிறேன்.

படங்களைச் சேர்க்க இப்போது என்ஃபியூஸ் என்ற இலவச மென்பொருள். 2007-இல் ஆய்வாளர் மெர்ட்டென்ஸ் குழுவினர் வெளியிட்ட முறையில், ஒவ்வொரு படத்திலும் நன்றாக விழுந்த பகுதிக்கு முன்னுரிமை தந்து கலக்கிறது. முன்பு டோன் மேப்பிங்கில் (ஒளி வேறுபாட்டைத் திரைக்கு ஏற்பச் சுருக்கும் முறை) மரங்களைச் சுற்றி ஒளிவட்டம் கட்டும். அந்தப் படங்களைப் பார்க்க இன்றும் மனம் ஒப்பவில்லை.

மூடுபனி இறங்கிய நாளில் எச்டிஆர் வேண்டவே வேண்டாம். பனியே வெளிச்சத்தை மட்டுப்படுத்திவிடுகிறது. அதன் மென்மையைக் கெடுப்பது பாவம். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் பொழுது சாய்ந்து சேலத்தின் விளக்குகள் எரியத் தொடங்கும் சில நிமிடங்களிலும் ஒரே படம் போதும்.

சென்ற டிசம்பரில் சிவந்த காப்பிப் பழ வரிசை ஒன்றை எடுத்தேன். பழம் பறித்த அக்கா, மூன்று படம் முடியும்வரை கூடையை நகர்த்தாமல் பொறுத்திருந்தார். செடியடியில் கூடையின் பின்னல்வரை தெரிகிறது. மேலே வானம் நீலமாகவே இருக்கிறது. 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.