அப்பாவின் வயதுக்கு ஒரு சான்று

அப்பா சாலையைக் கடக்கும்போது சரக்கு வேன் மோதி இறந்துபோனார். இழப்பீட்டு வழக்குப் போடத்தான் இந்த முறை லண்டனிலிருந்து ஊருக்குப் போனேன். எஃப்.ஐ.ஆர். நகல், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் நல்லபடியாகவே கிடைத்தன. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் நடந்ததைப் பற்றித்தான்.

பள்ளிக்கூடம் எதற்கு என்றால், வயதுக்கு. அப்பாவுக்கு 58. எஃப்.ஐ.ஆரிலும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டிலும் ‘சுமார் 62’ என்று எழுதிவிட்டார்கள், வாக்காளர் அட்டையிலும் தப்பு. நாலு வயசுதானே என்று விட முடியாது. உச்ச நீதிமன்றம் 2009-ல் சர்ளா வர்மா வழக்கில் கொடுத்த அட்டவணைப்படி 56 முதல் 60 வயதுவரை ஆண்டு வருமானத்தை 9-ஆல் பெருக்குவார்கள், 61 ஆகிவிட்டால் 7தான். சொந்தத் தொழில் செய்தவருக்கு வருங்கால வருமான உயர்வு என்று 10 சதவீதம் சேர்ப்பதும் 60-க்கு மேல் கிடையாது. அச்சகத்தில் மாதம் 20,000 ரூபாய் வருமானம், அதில் அவர் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்று வக்கீல் கணக்குப் போட்டுக் காட்டினார்: 58 என்றால் 15,84,000, 62 என்றால் 11,20,000. ஆதாரை நம்பவும் முடியாது, அது பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லி, பள்ளிச் சான்றைத்தான் ஏற்றது.

சரி என்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். எழுத்தர் விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “மாணவர் கையெழுத்து இல்லையே சார்” என்றார்.

அவர் இறந்துவிட்டார், அதற்காகத்தான் கேட்கிறோம் என்றேன். “அப்போ பெற்றோர் கையெழுத்து வேணும்” என்கிறார். தாத்தா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை, ஃபாரத்தில் அதற்கு இடம் கிடையாதாம். அம்மா மெதுவாகச் சொன்னாள், “இருந்திருந்தா அவரே வந்திருப்பாருய்யா.” அதற்கும் அவர், “நாளைக்கு வாங்க” என்றுதான் சொன்னார். இங்கிலாந்தில் ஒருவர் இறந்தால் ‘டெல் அஸ் ஒன்ஸ்’ என்று ஒரு சேவை, ஒருமுறை சொன்னால் போதும், பென்ஷன், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லா இடத்துக்கும் அவர்களே தெரிவித்துவிடுகிறார்கள். இங்கே அம்மா ஒவ்வொரு மேசைமுன்னும் நின்று புருஷன் செத்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுநாள் தலைமை ஆசிரியை இருந்தார். இறப்புச் சான்றிதழை முழுக்கப் படித்தார், அம்மாவை உட்காரச் சொன்னார், பீரோவைத் திறந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தானே தேடி எடுத்தார். ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது. நீல மையில் அப்பா பெயர், பிறந்த தேதி, கடைசிக் கட்டத்தில் தாத்தாவின் பெருவிரல் ரேகை. தாத்தா கைநாட்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ரேகையைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஆசிரியை அந்த வரியை அப்படியே எழுதி, முத்திரை குத்திக் கையில் கொடுத்துவிட்டார். அதே பள்ளிக்கூடம், அதே விதி. நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்து ஒரு குடும்பத்தின் நாலரை லட்சம் முடிவாவது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதுவும் நேரமில்லாத வேளையில். இங்கிலாந்தில் இந்த மாதிரி வழக்குக்கு மூன்று வருஷ அவகாசம். நம்மூரில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இங்கிலாந்துச் சட்டத்தில் உயிரிழப்பின் துயரத்துக்கென்று தரும் தொகை அப்பாவை இழந்த பிள்ளைக்குக் கிடையாது. இந்தியாவில் பிள்ளைகளுக்கும் அது உண்டு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு இருக்கும் ஈரம் கவுன்டரில் இருப்பவருக்கு வரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மனு எண் வாங்கியாகிவிட்டது. முதல் வாய்தாவில் இன்சூரன்ஸ் வக்கீல் எதிருரைக்கு நேரம் கேட்டிருக்கிறார். அடுத்த தேதியை இங்கிருந்தே இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்துக்கொள்கிறேன், அம்மா சாட்சி சொல்லும் நாளுக்கு மட்டும் லீவு போட்டுவிட்டுப் போக வேண்டும்.